காப்புக் கட்டிய ஊரில் கல்யாண மாப்பிள்ளை

நான் வேலை பார்த்த காலத்தில் எனக்குக் கொடுத்த சாமான்கள் எல்லாமே ஒரு தோல் பைக்குள் அடங்கிவிடும். அம்மை குத்தும் கத்தி, ஸ்பிரிட் விளக்கு, ஈரத்துணி சுற்றிய டப்பாவில் அம்மைப்பால், அதாவது தடுப்பு மருந்து. இவை எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் உதவியது என் மூக்குதான். சிரிக்காதீர்கள். சுகாதார வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஜீப் இருக்கிறது, ஐஸ் பெட்டி இருக்கிறது, என்ன நோய் என்று சோதித்துச் சொல்ல ஆளும் இருக்கிறது. எனக்கு மூக்கு இருந்தது. அதை வைத்துத்தான் பெரியம்மையைக் கண்டுபிடித்தேன். அதே மூக்கால் என் கல்யாணத்தையும் கெடுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. மண்ணெண்ணெய் கிடைக்காது, துணி கிடைக்காது, தீப்பெட்டி கிடைக்காது. பஸ் கரியில் ஓடும். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு, அம்மைக்கு மட்டும் தட்டுப்பாடே கிடையாது. தை பிறந்தால் போதும், எந்த ஊரிலாவது ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். உங்களில் யாரும் பெரியம்மையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டீர்கள். உலகத்தை விட்டே போய்விட்டது, நல்லதாகப் போயிற்று. உடம்பு முழுக்க அரிசி போட இடமில்லாமல் கொப்புளம். பிழைத்தால் முகத்தில் வடு, சிலருக்குக் கண்ணே போகும். பிழைக்காதவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை. இது சந்தோஷமான கதை.

நான் அரியலூரில் அம்மை குத்தும் உத்தியோகஸ்தன். உத்தியோகஸ்தன் என்பது என் அம்மா பெண் வீட்டில் சொன்ன வார்த்தை. ஊர்ப்புறத்தில் எனக்குப் பேர் 'குத்துறவரு'. நான் சைக்கிளில் வருவது தெரிந்தால் பிள்ளைகளைத் தானியக் குதிருக்குள் இறக்கி மூடிவிடுவார்கள். பெரியவர்கள் சோளக்கொல்லைக்குள் ஓடுவார்கள். அம்மை கண்ட வீட்டையும் என்னிடம் மறைத்துவிடுவார்கள். வாசலில் வேப்பிலை கட்டினால் நான் பார்த்துவிடுவேன் என்று உள்ளே கட்டுவார்கள்.

ஆனால் ஆபீசரை ஏமாற்றலாம், ஆத்தாளை ஏமாற்ற முடியுமா? அம்மை கண்டிருக்கும் வீட்டில் தாளிக்க மாட்டார்கள், எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள், மீன், கருவாடு எதுவும் அடுப்பேறாது. அக்கம்பக்கத்து வீடுகளும் மரியாதைக்கு அப்படியே இருக்கும். கண்ணுக்கு மறைத்ததை அடுப்பு காட்டிக்கொடுத்துவிடும். நான் சாயங்காலம் தெருவில் சும்மா நடப்பேன். தாளிக்கிற வாசனை எந்த இடத்தில் நின்றுபோகிறதோ அந்த இடத்தில் கதவைத் தட்டுவேன். ஒரு தடவை தா.பழூர்ப் பக்கம் இப்படித் தட்டி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அங்கே அம்மை ஒன்றும் இல்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை, இரண்டு பேரும் அடுப்பே மூட்டவில்லை. அவர்கள் சண்டையை விட்டுவிட்டு என்னோடு ஆரம்பித்துவிட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தை மாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் திருமானூர், பேர் தையல்நாயகி. எங்கள் ஊர் பெரம்பலூர். அம்மாவும் மாமாவும் போய்ப் பார்த்துத் தட்டு மாற்றிவிட்டு வந்தார்கள். எனக்கு லீவு இல்லை, நான் பார்க்கவில்லை. "மூக்கும் முழியுமா இருக்கா, ஒன்னய மாதிரி தொணதொணன்னு பேசமாட்டா" என்று அம்மா சொன்னாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு இன்னும் சில நாள். மறுநாளிலிருந்து லீவு. கடைசியாக ஒரு சுற்றுப் போய்விட்டு வந்துவிடலாம் என்று பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் உள்ள ஒரு கரிசல்காட்டு ஊருக்குப் போனேன்.

அந்த ஊரில் மேலத்தெருவில் நிலம் உள்ளவர்கள். கீழத்தெருவில் கூலிக்காரர்கள். கொல்லையில் சோளம் அறுத்து முடித்ததும் கீழத்தெரு ஜனம் மொத்தமும் கொள்ளிடம் தாண்டித் தஞ்சாவூர்ப் பக்கம் நெல் அறுக்கப் போவார்கள். அங்கே வாங்கி வரும் நெல்தான் வருஷத்தில் பாதிக்குக் கஞ்சி. நான் போன அன்று மூட்டை முடிச்சு எல்லாம் கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். விடிந்தால் கிளம்ப வேண்டும். முதல் நாள் ராத்திரி திருமானூர் ஆற்றங்கரையில்தான் தங்கல்.

அதற்கு முந்தின நாள் சந்தை. சந்தைக்கு மறுநாள், அதுவும் ஊரை விட்டுக் கிளம்புகிற நாள், கீழத்தெருவில் எந்த வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதிக்காமல் இருக்கும்? நான் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஒரு வீட்டிலும் வாசனை இல்லை. சைக்கிளைத் திருப்பினேன்.

அறுவடைக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகிறவள் அஞ்சலை. நல்ல உயரம், ஆம்பளைகளை ஓட ஓட விரட்டும் குரல். அவள் வீட்டு முன்னால் போய் நின்றேன்.

"அஞ்சல, இன்னைக்கு என்ன கொழம்பு?"

"கொழம்பா? கஞ்சிதாங்க. ஊருக்குப் போற அவசரத்துல யாரு கொழம்பு வைக்கிறா?"

"நேத்து சந்தையில கூடை நெறைய கருவாடு வாங்கினியே, நான் பாத்தேனே."

வாசலை மறித்து நின்றவள் மெதுவாக ஒதுங்கினாள். உள்ளே சோளத்தட்டை அடுக்கிய மறைவுக்குப் பின்னால் அவள் தம்பி தங்கராசு படுத்திருந்தான். அரியலூரில் ரயில்ரோடு வேலைக்குப் போயிருந்தவன், காய்ச்சலோடு வந்து இறங்கியிருக்கிறான். முகத்திலும் கையிலும் முத்து நிறைந்துவிட்டது. தலைமாட்டில் வேப்பிலை.

"ஐயா, ஒங்க கால்ல உழுவுறேன்," என்றாள் அஞ்சலை. "வெளிய சொல்லிப்புடாதீங்க. இது தெரிஞ்சா எங்கள எந்த வயல்லயும் எறக்கமாட்டாங்க. இந்தத் தெருவே பட்டினி கெடக்கும். அவன முத்தாயி பாத்துக்குவா, அவளுக்கு முன்னாடியே வந்து போயிருக்கு. நாங்க விடியக்கால போயிடறோம்."

முத்தாயி என்பது பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயர். அம்மை கண்டு பிழைத்தவள்தான் அம்மை கண்டவர் பக்கத்தில் போகலாம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதுவரைக்கும் சரி. ஆனால் தங்கராசு வந்த பிறகு அந்த வீட்டில் எத்தனை பேர் வந்து போனார்களோ! அவர்களில் யார் உடம்பில் அம்மை ஏறி, வெளியில் தெரியாமல் இருக்கிறதோ, யார் கண்டது? இந்தக் கூட்டம் திருமானூர்க் கரையில் தங்கி, கொள்ளிடம் தாண்டி, ஊர் ஊராகப் பிரிந்துபோனால் அதற்கப்புறம் அதைப் பிடிக்கவே முடியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்? போலீசுக்குச் சொல்லலாம், சட்டம் இருந்தது. ஆனால் போலீஸ் வருகிறது என்றால் ராத்திரியோடு ராத்திரியாக ஊர் காலியாகிவிடும். நானே விரட்டிவிட்ட மாதிரி ஆகும். கெஞ்சலாம். பசிக்கிற வயிற்றோடு கெஞ்சிப் பலன் இல்லை. நான் அஞ்சலை வீட்டு வாசலில் நின்று யோசித்தேன். இந்த ஜனத்தை ஊருக்குள் நிறுத்தி வைக்கக்கூடியது எது? என் சொல் இல்லை, சர்க்கார் சொல் இல்லை. பிறகு யார் சொல்?

அப்போதுதான் உறைத்தது. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊரில் இருப்பவர் யாரும் வெளியூர் போய் ராத் தங்கக் கூடாது. வெளியூர்க்காரரையும் தங்க வைக்கக் கூடாது. காப்பு அவிழ்க்கிற வரைக்கும் அந்தக் கட்டுப்பாட்டை மீறுகிறவன் அந்தப் பக்கத்தில் பிறந்ததே இல்லை. வழக்கமாகப் பங்குனியில் கட்டுவார்கள். நான் சைக்கிளை மேலத்தெருவுக்குத் திருப்பினேன்.

நாட்டாமை நிதானமான மனுஷர். வெற்றிலையை மடித்து வாயில் போட்டு மெல்லும் வரைக்கும் எதற்கும் பதில் சொல்ல மாட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். மென்றார். பிறகு பூசாரியைக் கூப்பிட்டனுப்பினார். கோயில் வாசலில் இரண்டு தெரு ஜனமும் கூடிவிட்டது. கீழத்தெருக்காரர்கள் சற்றுத் தள்ளித்தான் நின்றார்கள். அந்தக் காலம் அப்படி, அதை மறைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"திருவிழா வேணாம், கூட்டம் கூட்ட வேணாம்," என்றேன். "ஆத்தா ஏற்கெனவே ஊருக்குள்ள வந்துட்டா. காப்ப மட்டும் இப்பவே கட்டிடுங்க. தங்கராசுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தி, வேற யாருக்கும் இல்லன்னு ஆனப்புறம் அவுத்துக்கலாம். திருவிழாவ பங்குனியில நல்லாப் பண்ணுங்க."

பூசாரி தலையாட்டினார். அஞ்சலை முன்னால் வந்தாள்.

"காப்பு யாருக்கு? மேலத்தெருவுக்கா, எங்களுக்கும் சேத்தா?"

"ஊருன்னா எல்லாருந்தான்," என்றார் நாட்டாமை.

"கோயிலுக்குள்ள வர்றதுக்கு நாங்க ஊரு இல்ல. காப்புக்கு மட்டும் ஊரா? சரி, ஆத்தாளுக்காவ ஒத்துக்கறோம். அப்ப கஞ்சியும் எல்லாருக்குந்தான். அறுப்புக்குப் போவாம ஒக்காந்தா எங்களுக்கு யாரு ஊத்தறது?"

அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் அந்த வாசலில் நின்று கேட்டதில்லை. நாட்டாமை வெற்றிலையை மென்று முடித்தார். "எங்க வூட்டுக் குதிரத் தொறந்து வுடறேன். சோளம் இருக்கற வரைக்கும் ஊத்தறேன்," என்றார். அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் பூசாரியைப் பார்த்தேன். பேசினால் கெட்டுவிடும் என்று தெரிந்தது.

அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். பிறகு தலைக்கட்டுக்கு ஒருவராக வரிசையில் வந்து மஞ்சள் கிழங்கு கோத்த நூலை வலது கையில் கட்டிக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். நாட்டாமை என் கையைப் பிடித்தார்.

"தம்பி எங்க கெளம்பிட்டீங்க?"

"அரியலூருக்குங்க. நாளையிலேருந்து லீவு. எனக்குக் கல்யாணம்."

"அப்படியா, ரொம்ப சந்தோஷம். ஆனா காப்புக் கட்டறப்ப நீங்களும் ஊருக்குள்ளதான இருந்தீங்க?"

பூசாரி அடுத்த நூலை எடுத்துவிட்டார். நான் திருதிருவென்று விழித்தேன். மழுப்பிப் பார்த்தேன், சர்க்கார் வேலை என்றேன், முகூர்த்தம் என்றேன். அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரே வார்த்தை சொன்னாள்: "நீங்க போனா நாங்களும் போறோம்."

அதில் நியாயம் இருந்தது. அதுமட்டும் இல்லை. நான் தங்கராசைத் தொட்டுப் பார்த்தவன். என் வேட்டியிலும் கையிலும் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறதோ! இதோடு நேரே போய், கைக்குழந்தைகள் ஓடி விளையாடும் கல்யாணப் பந்தலில் நிற்கலாமா? அடுத்தவனுக்குப் போகாதே என்று சொல்லிவிட்டு நான் மட்டும் போகலாமா? கையை நீட்டினேன். இப்படியாகத்தானே மாப்பிள்ளைக்குக் கங்கணம் கட்டியாயிற்று, பெண்தான் பக்கத்தில் இல்லை.

மறுநாள் காலையில் குத்த ஆரம்பித்தேன். காப்புக் கட்டின உடம்பில் ரத்தம் வரலாமா என்று பூசாரி இழுத்தார். அஞ்சலைதான் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "காப்பு வலது கையில. குத்துறது எடது கையில. இதுல ஆத்தாளுக்கு என்ன கோவம்? ஒடம்பு பூராப் போடறதுக்குப் பதிலா கையில ரெண்டு முத்தோட போயிடறா. குத்துங்கய்யா." நான் கத்தியை விளக்கில் காட்டி ஆறவிட்டு, பாலைத் தடவி, ஒரு திருகு திருகினேன். முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் வந்த பெரிய மீசைக்காரர் கத்தி படுவதற்கு முன்னாலேயே 'ஐயோ' என்றார். ஊரே சிரித்தது. சிரிப்பு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. குதிருக்குள் இறங்கியிருந்த பிள்ளைகள்கூட வேடிக்கை பார்க்க வந்து மாட்டிக்கொண்டன.

மற்ற ஜாக்கிரதைகளை நான் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தங்கராசு வீட்டுக்கு முத்தாயி மட்டும் போனாள். அவன் துணியைத் தனிப் பானையில் கொதிக்க வைத்தாள், பாயைக் கொளுத்தினாள். இளநீர், மோர், கூழ் எல்லாம் வாசலில் வைத்துவிட்டு வைத்தவர் நகர்ந்த பிறகுதான் அவள் எடுப்பாள். நான் சேர்த்தது ஒன்றே ஒன்று. தீப்பெட்டித் தட்டுப்பாடு என்பதால் காலையில் வீட்டுக்கு வீடு போய் நெருப்பு வாங்குவது அங்கே பழக்கம். ஓட்டாஞ்சில்லில் தணல் வாங்கப் போகிறவள் சும்மாவா வருவாள்? அடுப்படி வரைக்கும் போய் உட்கார்ந்து ஊர்க் கதை பேசிவிட்டுத்தான் வருவாள். கோயில் முன்னால் ஒரு பெரிய கட்டையைக் கனலவிட்டு, எல்லோரும் அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நெருப்பு கிடைத்துவிட்டது, கதை நின்றுவிட்டது. இதற்கு மட்டும் பெண்கள் என்னைத் திட்டினார்கள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லைக் கல்லோடு நிற்க வேண்டும். வழிப்போக்கர் ஒருவரிடம் நான் சொல்லியனுப்பிய சேதி கேட்டு எங்கள் சுகாதார இன்ஸ்பெக்டர் அங்கேதான் வந்து நின்றார். எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கியவர் அவர். பெரிய தொந்தி, பெரிய சிரிப்பு, ஓயாத மூக்குப்பொடி. அம்மைப்பால் டப்பாவைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் பின்னால் போய், என் கையில் இருந்த காப்பைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"நல்லா மாட்டிக்கிட்டியா? சரி, நான் உள்ள வரேன், நீ கெளம்பு. கல்யாணத்த விட்டுட்டு யாராவது ஒக்காருவானா?"

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவருடைய பேச்சைக் கேட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் கீழத்தெரு இளவட்டங்கள் நின்றார்கள். நாட்டாமை குதிரில் சோளம் இறங்கிக்கொண்டே வந்தது. கஞ்சி தண்ணீராகிக்கொண்டிருந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்பு ஆரம்பித்துவிட்டதாம், கூலி கூடவாம் என்று காதுக்குக் காது பேச்சு. நான் அந்தக் கல்லைத் தாண்டினால் அவர்கள் அடுத்த நிமிஷமே தாண்டுவார்கள்.

"வேணாங்க சார்," என்றேன். "திருமானூர்ல மட்டும் தகவல் சொல்லிடுங்க. பக்குவமாச் சொல்லுங்க."

பக்குவத்துக்கும் அவருக்கும் வெகு தூரம். திருமானூருக்குப் போய், பெண் வீட்டு வாசலில் சைக்கிளை விட்டு இறங்காமலேயே, "மாப்பிள்ள வரமாட்டாரு, முகூர்த்தத்துக்குக் காத்திருக்காதீங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்திருக்கிறார். காப்பு விஷயத்தையும் சொன்னாராம், ஆனால் முதல் வார்த்தையைக் கேட்டதுமே உள்ளே அழுகுரல் கிளம்பி, அதை யாரும் நம்பவில்லையாம்.

அடுத்த நாள் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. இறங்கியவர் என் வருங்கால மாமனார். நான் ஓடினேன். ஊரும் பின்னால் ஓடி வந்தது. அவர் முகம் சிவந்திருந்தது.

"என்ன மாப்ள, காப்புக் கட்டிருக்கீங்களாமே. வேணாம்னா வேணாம்னு நேரா சொல்லிட்டுப் போறது. எதுக்கு ஆத்தா பேர இழுத்துச் சாக்குச் சொல்றீங்க?"

"சாக்கா? என்ன சாக்குங்க?"

"எவனோ ஒங்க காதுல போட்டுட்டான். பொண்ணு மூஞ்சிய பத்தி. நாங்க எதையும் மறைக்கல. ஒங்க அம்மா பட்டப்பகல்ல பாத்துட்டுத்தான் தட்டு மாத்துனாங்க. பந்தல் போட்டு, சொந்தக்காரங்கள்லாம் வந்து எறங்குனப்புறம் இப்படிப் பண்ணுனா எம் பொண்ணு எப்படி உசுரோட இருப்பா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன். அப்போது வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் இறங்கினாள். முந்தானையை இழுத்து முகத்தை மூடியிருந்தாள்.

"நீ எதுக்குடி எறங்குற?" என்றார் மாமனார்.

"அப்பா, செத்த சும்மா இருங்க. அவரு மொகத்தப் பாருங்க. திருட்டு முழியா அது? ஒண்ணுமே தெரியாத முழி."

தையல்நாயகியின் குரலை நான் முதலில் கேட்டது அப்போதுதான். கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்று, முந்தானையை விலக்கினாள். நெற்றியிலும் இரண்டு கன்னத்திலும் அம்மை வடு. ஆழமான வடு. கண்கள் நல்ல பெரிய கண்கள், அவை என்னையே பார்த்தன.

"இதான் விஷயம். இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல? வேணாம்னா இங்கயே சொல்லிடுங்க. அப்பறம் ஆள் விட்டுச் சொல்ற வேல வேணாம்."

சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. ஆனால் மூக்கு விடைத்து அடங்கியது. இந்தப் பெண் இத்தனை பேர் முன்னால் இப்படி நிற்க வேண்டியதாகிவிட்டதே என்று வெட்கமும், அப்படி நிற்கிறாளே என்று ஒரு பெருமையும் சேர்ந்து வந்தன. ஏதாவது நல்ல வார்த்தையாகச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எத்தனையோ வாசலில் நின்று கேட்டுக் கேட்டுப் பழகிய வாய், அது பாட்டுக்குக் கேட்டுவிட்டது.

"எந்த வயசுல போட்டுச்சு?"

அவள் புருவத்தைச் சுருக்கினாள். "ஆறு வயசுல."

"நல்லாக் காஞ்சு பொருக்கு உதுந்துச்சா?"

"உதுந்துச்சு. எதுக்குக் கேக்கறீங்க?"

"அப்ப உங்களுக்கு இனிமே வராது. இந்த ஊர்ல இப்ப உங்களுக்கும் முத்தாயிக்கும்தான் பயமே இல்ல. நீங்க கல்லத் தாண்டி தாராளமா உள்ள வரலாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அஞ்சலை வாய்விட்டுச் சிரித்தாள். "அட பாவி மனுசா! பொண்ணு பாக்குற எடத்துலயும் உத்தியோகந்தானா?" ஊரே சிரித்தது. நாட்டாமைக்கு வெற்றிலை புரையேறிவிட்டது. தையல்நாயகி உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை, அவளும் சிரித்துவிட்டாள்.

"தாலி கட்டாம எப்படி உள்ள வர்றது?" என்றாள். "நீங்க காப்ப அவுத்துட்டு வாங்க. நான் எங்க போயிடப்போறேன்?"

மாமனார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே அடுத்த கவலை வந்துவிட்டது அவருக்கு. "முகூர்த்தம் தள்ளிப்போவுதே. அரிசி வந்து எறங்கிருச்சு, பூசணிக்காய் வந்துருச்சு, எல்லாத்தையும் என்ன பண்றது?"

தையல்நாயகி கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தாள். கஞ்சி குடித்து ஒட்டிய வயிறுகளை மறைக்கவா முடியும்? "இத்தன பேரு நிக்கறாங்களே, கண்ணு தெரியலயாப்பா?" என்றாள்.

மறுநாள் திருமானூரிலிருந்து இரண்டு வண்டி வந்து எல்லைக் கல்லருகே மூட்டைகளை இறக்கிவிட்டுத் தள்ளிப்போய் நின்றது. கொள்ளிடக்கரை நெல்லரிசி. அஞ்சலையின் ஆட்கள் எடுத்து வந்து கோயில் முன்னால் வடித்தார்கள். என் கல்யாணச் சாப்பாட்டை எனக்கு முன்னால் அந்த ஊர் சாப்பிட்டது. அதற்கப்புறம் கல்லைத் தாண்டும் பேச்சை ஒருத்தரும் எடுக்கவில்லை. யாராவது இளவட்டம் முனகினால் அஞ்சலை கேட்பாள்: "குத்துறவரு கல்யாணத்தையே தள்ளி வச்சுட்டு ஒக்காந்திருக்காரு. ஒனக்கு என்ன கொள்ள போவுது?"

பிறகு இரண்டு பேருக்குத்தான் வந்தது, இரண்டும் லேசாக. தங்கராசு பிழைத்தான். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் எந்த ஊருக்கும் அந்தக் கூட்டத்தால் அம்மை போகவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேறு யாருக்கும் இல்லை என்று நான் சொன்ன பிறகு பூசாரி காப்பை அவிழ்த்தார். கடைசி அறுப்புக்குக் கீழத்தெரு ஜனம் கிளம்பியது. போகிற வழியில் திருமானூரில் என் கல்யாணம். மாசியில் வேறு நாள் பார்த்திருந்தார்கள். மேலத்தெருவும் வந்தது.

கல்யாணத்துக்கு முன்னாலேயே தையல்நாயகி எனக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பியிருந்தாள். "எங்க ஊரு ஜனம் கத்தியப் பாத்தா ஓடும். ஆனா சாப்பாடு இருக்கற எடத்துலேருந்து எவனும் ஓடமாட்டான். பையையும் எடுத்துட்டு வாங்க." தாலி கட்டி முடிந்ததும், பந்திக்குப் போகிற ஒரே வழியில் நான் மாலையும் கழுத்துமாக முக்காலி போட்டு உட்கார்ந்தேன். இன்ஸ்பெக்டர் பொடி போட்டுக்கொண்டு ஸ்பிரிட் விளக்கைப் பிடித்தார். பக்கத்தில் என் பெண்டாட்டி.

முதலில் வந்தவர் அவளுடைய பெரிய மாமா. இலை வாசனை பிடித்து வேகமாக வந்தவர், என் கையில் கத்தியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏம்மா தையு, வலிக்குமா?"

எந்த முகத்தை அத்தனை வருஷம் முந்தானைக்குள் மூடி வைத்திருந்தாளோ, அந்த முகத்தை நிமிர்த்தி அவருக்கு நேரே காட்டினாள்.

"இதாம் மாமா வலிச்சுது. அது ஒண்ணும் வலிக்காது."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டு, முக்காலிக்கு முன்னால் உட்கார்ந்து இடது கையை நீட்டினார்.